நிற்கும் காருக்கும் பசி உண்டு

காலை நடைக்காக மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலிருந்து பதினெட்டாவது கிராஸ் வரை போய்வரும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மார்கோசா ரோடு, சம்பிகே ரோடு இரண்டுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில், வீட்டுக்கு வீடு துணி உறை போர்த்திய கார் ஒன்று நிற்கிறது. உறையின் மேல் சருகும் தூசியும் படிந்திருப்பதைப் பார்த்தாலே அது நகர்ந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம். அவற்றில் நம் தமிழ்க் குடும்பங்களின் கார்களும் கணிசம். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். பெற்றோருக்கென்று வாங்கிக் கொடுத்த கார். அல்லது வீட்டுக்காரர் ஓட்டிய கார். அவர் காலமான பிறகு விற்க மனம் வராமல் அப்படியே நிற்கிறது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "இருக்கட்டும் சார், ராத்திரி ஒரு அவசரம்னா உதவும்."

இந்தப் பதிலைப் பற்றித்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. கார் இருப்பது வேறு, கார் உதவுவது வேறு. கவனிப்பு இல்லாமல் இரண்டு மாதம் நின்ற கார், நடுராத்திரியில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. காரே இல்லாத வீட்டில் முதல் நிமிடத்திலேயே 108க்குப் போன் செய்திருப்பார்கள். கார் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இங்கே பத்து நிமிடம் வீணாகிறது. நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கைவிடுகிற பொருள், இல்லாத பொருளைவிட ஆபத்தானது.

நான் எஞ்சினீயரிங் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பாட்டரிப் பராமரிப்பிலேயே பெரும்பகுதிக் காலத்தைக் கழித்தவன். அந்நாளில் ஏ.சி. இல்லாத பெட்டிகளில் 110 வோல்ட், 120 ஆம்பியர்-மணி பாட்டரித் தொகுதி இருக்கும், ஏ.சி. பெட்டிகளில் 1100 ஆம்பியர்-மணி. பெட்டியின் அடியில், அச்சோடு பெல்ட் பூட்டிய ஆல்டர்நேட்டர் ஒன்று இருக்கும். வண்டி ஓரளவு வேகம் எடுத்தால்தான் அது மின்சாரம் தரும். வண்டி நின்றுவிட்டால் விளக்கும் விசிறியும் பாட்டரியைத்தான் தின்னும். ஆகவே யார்டில் நிறுத்திய பெட்டிக்கு வெளியிலிருந்து சார்ஜர் இணைப்போம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு செல்லை 'பைலட் செல்' என்று வைத்துக்கொண்டு, அதன் வோல்டேஜையும் அமிலத்தின் அடர்த்தியையும் பதிவேட்டில் எழுதுவோம். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவை என்பது அங்கே படித்த முதல் பாடம்.

இதற்கு ரயில்வேயிலேயே சிறந்த உதாரணம் விபத்து நிவாரண ரயில். வருடம் முழுவதும் ஏதோ ஒரு சைடிங்கில் சும்மா நிற்கும். ஆனால் உத்தரவு வந்தால் பகலில் 30 நிமிடத்துக்குள்ளும் இரவில் 45 நிமிடத்துக்குள்ளும் கிளம்பியாக வேண்டும் என்பது விதி. சும்மா நிற்கிற வண்டிதானே என்று யாரும் அதை விட்டுவிடுவதில்லை. சும்மா நிற்பதே அதன் வேலை; தயாராக நிற்க வேண்டும் என்பதே அதன் கடமை. அவசரத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் காரும் ஒரு நிவாரண வண்டிதான். அந்த மரியாதையை அதற்குக் கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

2020ஆம் ஆண்டு நம் எல்லோருக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போயிற்று. அந்த வருடம் மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு மே 3, மே 17, மே 31 என்று தேதி நீண்டுகொண்டே போயிற்று. கணக்குப் பார்த்தால் 68 நாட்கள். அதன்பின் ஊர் திறந்ததும் தெருவில் முதலில் கேட்ட குரல், "சார், ஜம்பர் கேபிள் இருக்கா?" என்பதுதான்.

ஏன் அப்படி ஆயிற்று? காரணம் எளிது. காருக்குள் இருக்கும் ஈய-அமில பாட்டரி, பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கியதன் வாரிசு. காரீயத் தகடும், காரீய ஆக்ஸைடு தகடும், இடையே நீர்த்த கந்தக அமிலமும். மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது திரும்பக் கரைகிறது. உடனுக்குடன் சார்ஜ் செய்தால் தொல்லை இல்லை. பல வாரம் அப்படியே விட்டால், மென்மையாக இருந்த சல்ஃபேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதாகக் கரையாது. பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துபோகிறது. ஆகவே பாட்டரி காலியாவது ஒரு தொல்லை என்றால், காலியாகவே கிடப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

நிற்கும் காரில் மின்சாரத்தைத் தின்பது யார்? சாவியை எடுத்த பிறகும் உறங்காத சிலர் உள்ளே இருக்கிறார்கள். எஞ்சின் கம்ப்யூட்டர், திருட்டு அலாரம், சென்ட்ரல் லாக், ரிமோட் சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், ரேடியோவின் ஞாபகசக்தி. எல்லாம் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள காரில் சுமார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். பார்ப்பதற்குச் சொற்பம். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 0.72 ஆம்பியர்-மணி. ஒரு வாரத்தில் 5. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி. ஆக, முழு சார்ஜோடு நிறுத்திய கார் 24 நாளில் பாதியாகிறது. 48 நாளில் ஒன்றும் இல்லை. ஊரடங்கின் 68 நாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நம் பெரியவர்கள் சொன்னது பாட்டரிக்கும் பொருந்தும்.

இதுபோக, ஒன்றும் இணைக்காமல் தனியே வைத்தாலும் பாட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்த வகையில் நம் பெங்களூரு, சென்னையைவிடக் கருணை உள்ளது. ஆனால் டேஷ் கேமரா, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் என்று நாமே கூடுதலாக மாட்டிவைக்கும் சாமான்களுக்கு ஊரின் குளிர்ச்சி ஒன்றும் செய்ய முடியாது. டிக்கி சரியாக மூடாமல் உள்ளே 5 வாட் பல்பு ஒன்று எரிந்தால் போதும். மூன்றரை நாளில் 35 ஆம்பியர்-மணியும் தீர்ந்துவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் மட்டும் பாவம், பாட்டரியிலிருந்து ஒரு துளியும் எடுப்பதில்லை. அதன்மேல் பழி போட வேண்டாம்.

அடுத்து, நம்மவர்களிடம் வேரூன்றிய ஒரு பழக்கத்துக்கு வருகிறேன். பக்கத்துக் குடியிருப்பு இளைஞர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "மாமா, நான் ஞாயிற்றுக்கிழமை தவறாம அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஓட விடறேன். பாட்டரிக்கு ஒண்ணும் ஆகாது."

"தம்பி, ஒரு காகிதம் கொண்டா, கணக்குப் போடலாம்" என்றேன்.

ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் எடுக்கிறது. மூன்று விநாடி சுற்றுகிறது என்று கொள்வோம். செலவு சுமார் 0.125 ஆம்பியர்-மணி. நின்றபடியே எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஆல்டர்நேட்டர் பாட்டரிக்குத் தாராளமாக 10 ஆம்பியர் கொடுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து நிமிடத்தில் வரவு 0.83. செலவு போக மிச்சம் 0.7. அதாவது ஒருநாள் பசிக்கு மட்டும் உணவு. வாரத்தின் மற்ற ஆறு நாளுக்கு? அந்தத் தம்பி காகிதத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாள் பட்டினிக்கு ஒருநாள் சோறு போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இதில் வேறு தீமைகளும் உண்டு. முழுச் சூடு ஏறாத எஞ்சினில் உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸர் குழாயிலும் தங்கிவிடும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரைப் பறித்துவிடும்.

பழைய அம்பாஸடர், ஃபியட் காலத்தில் இந்த ஐந்து நிமிடப் பழக்கம் பெரிய கெடுதல் செய்யவில்லை. அந்தக் கார்களில் நிற்கும்போது மின்சாரம் தின்ன அனேகமாக ஒன்றுமில்லை. பாட்டரி படுத்துவிட்டாலும் தெருப் பையன்கள் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். இன்றைய காரில் பெட்ரோல் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்கும் வோல்டேஜ் வேண்டும். பாட்டரி அடியோடு காலியானால் தள்ளியும் பயனில்லாமல் போகலாம். ஆட்டோமாடிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. கார் மாறிவிட்டது; நம் பழக்கம்தான் மாறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? எத்தனை நாள் நிறுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஊரிலேயே இருக்கிறீர்கள், ஆனால் அதிகம் வெளியே போவதில்லை என்றால், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சம்பிகே ரோட்டு நெரிசலில் ஏ.சி.யும் முகப்பு விளக்கும் போட்டு ஊர்வது கணக்கில் சேராது. அதிகாலையில் துமகூரு ரோட்டில் நெலமங்கலா வரை போய்வாருங்கள். ஒரு வாரத்தில் இழந்த 5 ஆம்பியர்-மணி பெரும்பாலும் ஈடாகிவிடும். டயரும் பிரேக்கும்கூட நன்றி சொல்லும்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய் மூன்று வாரம், ஒரு மாதம் தங்குவதாக இருந்தால், கிளம்பும் முன் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, பாட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பானர் பெரும்பாலான கார்களுக்குப் போதும். பாஸிடிவை அல்ல, நெகடிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். காரின் உடல் முழுவதும் நெகடிவோடு இணைந்தது. பாஸிடிவைக் கழற்றும்போது ஸ்பானர் உடம்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். மாட்டும்போது பாஸிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். கழற்றுமுன் சாவியால் கையால் பூட்டித் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் அப்போது வேலை செய்யாது. ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். பாட்டரி டிக்கியில் உள்ள கார் என்றால் டிக்கியைத் திறக்க வேறு வழி உண்டா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நெகடிவைக் கழற்றாமல் போகிறவர்கள், சாவி தொடாமலே திறக்கும் கார் வைத்திருந்தால், சாவியைக் காரிலிருந்து தள்ளி வீட்டின் உள்ளறையில் வையுங்கள். அருகில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும்.

பேரன் பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்களுக்கு, நெகடிவைக் கழற்றுவது மட்டும் போதாது. தானாக இறங்கும் சார்ஜை யாராவது ஈடுகட்ட வேண்டும். இதற்கு, பாட்டரி நிறைந்ததும் தானே தணிந்து, சுமார் 13.5 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும் தானியங்கி சார்ஜர்கள் கிடைக்கின்றன. சாதாரணப் பழைய சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. அமிலம் கொதித்து நீர் வற்றிப்போகும். 35 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 3.5 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சார்ஜ் செய்வது எங்கள் தொழிலின் பழைய நெறி. இன்றும் அது நல்ல நெறியே. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டம் வேண்டும், ஊதுவத்தி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. மூடி திறக்கும் வகை பாட்டரியில் நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டரிக்கு நல்லதல்ல. போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள், எங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரிய பாட்டரியோடு ஒரு சிறிய 12 வோல்ட் பாட்டரியும் அதில் உண்டு. சின்னது படுத்தால் பெரியது நிறைந்திருந்தும் கார் விழிக்காது. நீண்ட நாள் நிறுத்துவதானால் பெரியதைப் பாதி அளவுக்குச் சார்ஜ் செய்துவிட்டு, சின்னதைப் பற்றிக் கையேடு சொல்வதைப் படித்துச் செய்யுங்கள்.

நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் பாட்டரியின் நாடியைப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைக்கலாம். எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கார் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. உடனே சார்ஜ் செய்ய வேண்டும். 12.0 என்றால் கால்தான் மிச்சம். இந்த நாலு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வீட்டில் காரை ஓட்டுபவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இது இருக்கக் கூடாது. பானெட்டைத் திறக்கவும், மீட்டரை வைத்துப் பார்க்கவும் வீட்டுப் பெண்மணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசரம் வரும் நாளில் ஓட்டுபவரே நோயாளியாக இருக்கலாம் அல்லவா?

இனி நம் சங்கத்தின் முன்பும் அடுக்குமாடி நிர்வாகங்களின் முன்பும் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் தனி மீட்டரோடு ஒரு பிளக் பாயிண்ட். பல குடியிருப்புகளில் இதற்கு அனுமதி கேட்டால் ஏதோ ராஜ்யத்தைக் கேட்டதுபோல் பார்க்கிறார்கள். ஒரு சார்ஜரை ஆறு குடும்பங்கள் முறை வைத்துப் பயன்படுத்தலாம். மாதத்துக்கு ஓர் இரவு ஒரு பாட்டரிக்குப் போதும். மின்செலவு ஒரு யூனிட்டைத் தொடுவதே அபூர்வம்.

இரண்டு: நம் சங்கம் ஒரு நல்ல சார்ஜரையும் ஒரு ஜோடி ஜம்பர் கேபிளையும் வாங்கி, உறுப்பினர்களுக்கு இரவல் தரலாம். நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோலத்தான்.

மூன்று: படிக்கவும் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து, விடுதி அறைகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். லைசென்ஸ் இருக்கும், கார் இருக்காது. முதியவர் வீட்டில் கார் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. சங்கம் இடையில் நின்று, நன்கு அறிந்தவர்களை அறிமுகம் செய்துவைத்தால், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் காரை ஓட்டிக் கொடுக்கலாம். முதியவர்களையும் கோயிலுக்கோ கடைக்கோ அழைத்துப் போகலாம். திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு. அந்நிய ஊரில் வாழும் நமக்கு இதைவிட நல்ல பண்டமாற்று என்ன இருக்கிறது?

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: விற்றுவிடுங்கள். மாதத்தில் இரண்டு முறைகூட நகராத காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டி, சில வருடத்துக்கொரு முறை பாட்டரி மாற்றி, டயர் வெடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்தப் பணத்தில் நூறு முறை ஆட்டோவிலும் டாக்ஸியிலும் போகலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள், "அப்பா ஓட்டின கார், விக்காதம்மா" என்று போனில் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காரைக் காக்கும் பாரம் இங்கே எழுபது வயதில் தனியே இருக்கும் அம்மாவின் தலையில் விழுகிறது. நினைவைக் காப்பாற்ற ஒரு புகைப்படம் போதும். காரை ஓட வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு விற்காதே என்று சொல்வதே நியாயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உயிர்போன பாட்டரியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது காரீயமும் அமிலமும். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் மண்ணும் காற்றும் கெடும். காரீயம் சிறு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பாட்டரி முறையான மறுசுழற்சிக்கே போக வேண்டும் என்கின்றன.

ஆகவே அன்பர்களே, இந்த வாரம் உறையை ஒருமுறை நீக்கிப் பாருங்கள். மீட்டரை வைத்துப் பார்த்து, காரைத் தயாராக வைக்கப் போகிறோமா, விட்டுவிடப் போகிறோமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எந்த முடிவு எடுத்தாலும், 108 என்ற எண்ணை மட்டும் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

- ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், மல்லேஸ்வரம்